தங்கவயலிலிருந்து தரங்கம்பாடிக்கு
கம்பெனி விட்டுப் போன கடற்கரை ஊர்

கோலார் தங்கவயலில் ஒரு விசித்திரம் உண்டு. கடல் மட்டத்துக்கு வெகு கீழே இறங்கி, ஆண்டுக் கணக்கில் வேலை செய்தவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் கடலைக் கண்ணால் பார்த்தவர்களோ கொஞ்சம்தான்.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். தங்கவயல் இருப்பது கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 850 மீட்டர் உயரத்தில். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடித்தளமோ தரையிலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம். மேட்டைக் கழித்துவிட்டால் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோ மீட்டருக்கும் அதிகம். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். மேலிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். அங்கே நின்று பாறையைக் குடைந்தவர்களுக்குக் கடல் என்றால் என்ன? சினிமாவில் பார்த்தது; வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் வந்து சொன்னது.

இப்போது அந்தத் தலைமுறை அறுபதைத் தொட்டுக் கொண்டிருக்கிறது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது முப்பத்தைந்து வயதில் இருந்தவருக்கு இன்று அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டிய வயது. பிள்ளைகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். "திருக்கடையூருக்குப் போய் வந்துவிடலாம்" என்கிறார்கள். குடும்பம் புறப்படுகிறது.

திருக்கடையூரில் அபிராமி சன்னதியில் மாலை மாற்றியாகிவிடுகிறது. அடுத்து நாகூர், வேளாங்கண்ணி. தங்கவயல் குடும்பங்களில் எல்லா மதத்து நேர்த்திக் கடன்களும் ஒரே பயணத்தில் தீர்வது புதிதல்ல. பஸ் தெற்கே காரைக்கால் சாலையில் ஓடுகிறது. எட்டு கிலோ மீட்டர் போனதும் ஒரு நிறுத்தம். இடது கைப் பக்கம் சுண்ணாம்பு பூசிய பழைய கோட்டை வாசல் ஒன்று தெரியும். "தரங்கம்பாடி!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர் இறங்குவார்கள். நமது ஆட்கள் இறங்குவதில்லை. பஸ் போய்விடும்.

இறங்க வேண்டிய இடம் அது.

வாசலைத் தாண்டினால்

ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் ஆரவாரம் அலுத்துப் போனால் கிரேக்க நாட்டுத் தீவுகளுக்குப் போவார்கள். வெள்ளையடித்த வீடுகள், குறுகிய தெருக்கள், தெருவின் முடிவில் நீலக் கடல், பேச்சுச் சத்தமே இல்லாத பிற்பகல். அதற்காக விமானம் ஏறுகிறார்கள். ஏறத்தாழ அதே காட்சி, மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோ மீட்டருக்குள், டவுன் பஸ் கட்டணத்தில் கிடைக்கிறது என்று சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

வாசல் 1792-ல் கட்டப்பட்டது. அதற்குள் நுழைந்து ராஜ வீதியில் நேராக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடல். வழியில் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு பக்கம் 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம். எதிர்ப்பக்கம் 1718-ல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம். தூண் வைத்த தாழ்வாரங்கள், உயரமான ஜன்னல்கள், கனத்த சுவர்கள். தங்கவயல்காரர் இதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார். உரிகம் பக்கத்துத் துரைமார் பங்களாக்களின் சாயல் தெரியும். நாடு வேறு, நூற்றாண்டு வேறு. ஆனாலும் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரன் வீடு கட்டும் முறை எங்கேயும் ஒன்றுதான்.

தெரு முடிவதும் ஒரு பெரிய திறந்த வெளி. அந்தக் காலத்தில் சிப்பாய்கள் அணிவகுத்த மைதானம். வலப்புறம் மங்கலான செம்மஞ்சள் நிறத்தில் டேனிஷ் கோட்டை. நேர் எதிரே கடல். இடப்புறம் கொஞ்சம் தள்ளி, அலை ஓரத்திலேயே ஒரு சிவன் கோயில்.

சத்தம் என்று பார்த்தால் காற்றும் அலையும்தான். கரையேறிய பைபர் படகுகளின் நிழலில் வலை பின்னுகிறவர்கள் பேசுவது கூடக் காற்றில் கரைந்துவிடுகிறது. வார நாட்களில் மதியத்துக்கு மேல் போனால் கோட்டைச் சுவர்மீது ஆடுகள்தான் துணை.

இந்த ஊர்க் காற்றில் ஓசோன் மிகுதி, அதனால் உடம்புக்கு நல்லது என்று விளம்பரங்களில் காணலாம். அதை நம்பி யாரும் போக வேண்டாம். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது மூச்சுக்குக் கெடுதல் என்றே விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நல்ல வேளையாக, கடற்காற்று நன்றாக இருப்பதற்கு ஓசோன் தேவையில்லை. வாழ்நாளெல்லாம் சுரங்கத் தூசியைச் சுவாசித்தவருக்கு அந்தக் காற்றின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

தங்க ஏட்டில் ஒரு கடிதம்

இவ்வளவு தொலைவில் டென்மார்க்காரர்கள் எப்படி வந்தார்கள்?

எல்லாம் மிளகு செய்த வேலை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கீழ்த்திசைச் சரக்கில் கொழுப்பதைப் பார்த்த டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி தந்தார். ஓவே கெட்டே என்ற இளம் தளபதி கப்பலில் வந்து, 1620-ல் தஞ்சாவூர் மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து கொண்டார். கடலோரத்தில் ஒரு சிற்றூர், அங்கே கோட்டை கட்டிக் கொள்ளலாம், வாணிபம் செய்யலாம், ஆண்டுதோறும் மன்னருக்கு வாடகை செலுத்த வேண்டும். அந்தக் கோட்டைதான் டான்ஸ்போர்க். "டேனியரின் கோட்டை" என்றே பொருள்.

இதில் தங்கவயல்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் காகிதத்திலும் இல்லை, பனை ஓலையிலும் இல்லை. ஓலை வடிவில் தட்டிய தங்கத் தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. இன்றும் அது கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

தங்கவயல் மண்ணிலிருந்து சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போனது. அதில் எவ்வளவு யார் கழுத்தில் கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. தஞ்சாவூர்த் தங்கம் சில கிராம். அது போன இடம் மட்டும் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிகிறது.

கோட்டைக்குள் இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கீழ்த்தளத்து வளைவுக் கூடங்களில் சரக்கு அடுக்கினார்கள். சமையல் கட்டும் சிறையும் அங்கேதான். மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மேலேறிக் கடல் பக்க ஜன்னலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வெள்ளிக்கிழமைகளில் பூட்டியிருக்கும் வழக்கம் உண்டு. அந்த நாளைத் தவிர்த்துப் போவது நல்லது.

கப்பல் வராத காலம்

தரங்கம்பாடி வரலாற்றில் தங்கவயல்காரர் மனதைத் தொடக் கூடிய பகுதி, வழிகாட்டிப் புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறாத பகுதிதான்.

கம்பெனி ஆரம்பித்துச் சில ஆண்டுகளிலேயே நஷ்டம். ஐரோப்பாவில் யுத்தம். டென்மார்க்கில் பணமுடை. கப்பல்கள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. ஓர் ஆண்டல்ல, ஈராண்டல்ல. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட எட்டிப் பார்க்கவில்லை. சம்பளம் இல்லை. கடிதம் இல்லை. கம்பெனி இருக்கிறதா, கலைந்து விட்டதா என்பதே கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சிலர் வேறு கம்பெனிகளில் சேர்ந்தார்கள்.

கடைசியில் கோட்டைப் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே என்பவர் கைக்கு வந்தது. ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்குப் பெயர் பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆண்டர்சன் வேறு, இந்த ஆண்டர்சன் வேறு. இவர் பிரபு அல்ல. பெரிய படிப்பும் இல்லாத சாதாரண ஆள். கோட்டையை விட்டுப் போகவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துக் காவல் செய்தார். வந்த எதிர்ப்புகளைச் சமாளித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான் என்பார்கள். கோட்டையில் டென்மார்க் கொடி இறங்கவே இல்லை.

1669-ல் ஒரு நாள் கடலில் பாய்மரம் தெரிந்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்த கப்பல். கோட்டை பறிபோயிருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களை ஆண்டர்சன் வரவேற்றார்.

2001-க்குப் பிறகு தங்கவயல் லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி மூடியாயிற்று, ஆனால் வீட்டை விட்டு எங்கே போவது? தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்தவர். அந்தக் கிராமத்தில் இப்போது பெயர் சொல்ல யாருமில்லை. சுரங்கம் திறக்கும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வரும். கோர்ட்டில் வழக்கு நடக்கும். விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் இரவில் திரும்புவார்கள். ஆனாலும் ஊரைக் காலி செய்யவில்லை. ஆண்டர்சனுக்கு இருபது முப்பது ஆண்டில் கப்பல் வந்துவிட்டது.

எழுத்து வார்த்த ஊர்

1706-ம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு ஜெர்மானியப் பாதிரிகள் இங்கே வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வைத்தவர்கள். அப்போது சீகன்பால்குக்கு வயது இருபத்து நாலு. மொழி தெரியாது. வாத்தியாரிடம் படிக்கும் சின்னப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில் கவர்னரோடு தகராறு. கோட்டைச் சிறையில் சில மாதங்கள் இருந்தார். வெளியே வந்து மீண்டும் தமிழ்தான்.

தமிழை அச்சில் ஏற்றியவர்கள் இவருக்கு முன்பே உண்டு. போர்த்துக்கீசியப் பாதிரிமார்கள் 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார்கள். பிறகு அந்த வேலை தேய்ந்து போயிற்று. மீண்டும் உயிர் கொடுத்தது தரங்கம்பாடி அச்சுக்கூடம். ஜெர்மனியில் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் அளவில் மிகப் பெரியவை. அவற்றை வைத்து அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே சின்ன எழுத்துக்களை ஊரிலேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு சுவையான செய்தி வழங்குகிறது. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. காகிதப் பஞ்சம் தீர பக்கத்துப் பொறையாறு அருகே காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சீகன்பால்கு 1719-ல் முப்பத்தாறு வயதில் காலமானார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம். காலையில் காபியோடு தமிழ்ப் பத்திரிகை விரிக்கும் எவரும், எந்த மதத்தவரானாலும், அந்தக் கல்லறைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.

பன்னிரண்டரை லட்சம்

இந்த ஊர் அமைதியாக இருப்பதற்குக் காரணம் இயற்கை அல்ல, வியாபாரம் போய்விட்டது. அதுதான் விஷயம்.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் இங்கேயே இருந்தார். ஊருக்குக் களை இருந்தது. பிறகு அவரும் போனார். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. தரங்கம்பாடித் துறைமுகம் தூங்கிவிட்டது. 1926-ல் மாயவரத்திலிருந்து ஒரு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அதுவும் 1980-களில் நின்றுபோய்விட்டது.

ரயில் போன பாதையைப் பார்த்தால் தங்கவயல்காரருக்கு ஒரு திருப்தி உண்டாகும். நமக்கு ரயிலாவது மிஞ்சியது. 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கத்துக்காகப் போட்ட கிளைப் பாதைதான் இன்று ஊருக்குச் சோறு போடுகிறது.

ஆனால் இன்னொரு விஷயத்தில் தரங்கம்பாடி முந்திக் கொண்டது. மைதானத்தை ஒட்டிய கவர்னர் மாளிகை இடிந்து கிடந்தது. பழுது பார்த்து நிறுத்திவிட்டார்கள். கோட்டையைச் செப்பனிட டென்மார்க்கிலேயே ஒரு சங்கம் அமைத்துக் கைகொடுத்தார்கள். தட்டாரத் தெருவில் திண்ணையும் ஓடுமாக இருந்த பழைய வீடுகளை இன்டாக் அமைப்பு பழைய மாதிரியே புதுப்பித்துக் கொடுத்தது. அங்கே வசித்தவர்கள் தட்டார்கள், அதாவது தங்க வேலை செய்தவர்கள். தெரு நின்றுவிட்டது.

தங்கவயலில் துரைமார் பங்களாக்கள், கிளப்புகள், சுரங்க வாயில்களின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்கள் எல்லாம் இந்த ஊர்க் கட்டடங்களைவிட வயதில் மிகவும் இளையவை. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஊர் அது. அவற்றில் எத்தனை இருக்கின்றன, எத்தனை பெயர்த்து விற்கப்பட்டன என்று ஊரார் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். தரங்கம்பாடியில் நடக்கும்போது இந்த நினைப்பு வராமல் போகாது. பழுது பார்த்த கட்டடத்தைக் காண வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள்; அதனால் நாலு பேருக்குப் பிழைப்பு. சயனைடு மலையைக் காண யார் வருவார்கள் என்று கேட்கலாம். சினிமாக்காரர்கள் வந்தார்களே!

கடல் கேட்கும் பங்கு

அலை ஓரத்துச் சிவன் கோயில் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ல், நிலக்கொடை பெற்றது. அப்போது ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று கல்வெட்டு சொல்கிறது. "அலைகள் பாடும் இடம்" என்று தரங்கம்பாடிக்கு விளக்கம் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சடங்கன்பாடிதான் நாளடைவில் தரங்கம்பாடி ஆனது போலும். டேனியர் நாக்கில் அது டிராங்கேபார் ஆயிற்று.

கோட்டைக்கும் முந்நூறு ஆண்டு மூத்த இந்தக் கோயிலின் முன்பகுதிகளை அலை கொண்டு போய்விட்டது. எஞ்சியிருந்த பகுதியும் பல காலம் பாதி இடிந்த நிலையில் நீரைப் பார்த்துக் கொண்டு நின்றது. பிறகு கரையில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்தார்கள். கோயிலையும் புதுப்பித்து வழிபாடு நடக்கிறது. பழைய ஊர்ப் படங்களைப் பார்த்தால் அப்போது தரையாக இருந்த இடம் இன்று தண்ணீருக்குள் இருப்பது தெரியும். இதே கரையில் வடக்கே சில மணி நேர நடையில் உள்ள பூம்புகாரின் கதையும் அதுதான். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பழைய கடற்பயண நூலில் "கமரா" என்று வரும் துறை அந்தக் காவிரிப்பூம்பட்டினமே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதன் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று கடல் கேட்டது கல்லையும் மண்ணையும் அல்ல. கரையோர மீனவர் குப்பத்தில் வீட்டுக்கு வீடு சாவு. அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த இந்தக் கரை முழுவதும்தான் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக உயிர்களைப் பறிகொடுத்தது. பிறகு மீனவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளிப் புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள். படகோ கரையில், வீடு உள்ளே. விடியுமுன் நடந்து வருகிறார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கரைக்கு வந்து பாலும் பூவும் விடுகிறார்கள். அன்று கடலுக்குப் போவதில்லை.

வலை பின்னுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், "எந்த ஊர்?" என்று கேட்பார். கோலார் தங்கவயல் என்றால் அடுத்த கேள்வி, "சுரங்கம் இன்னும் ஓடுதா?" என்பதாகத்தான் இருக்கும். இல்லை, மூடி இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. பம்புகளை நிறுத்தியபின் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. எப்போதாவது நிலம் அதிரும், பாத்திரம் குலுங்கும் என்று சொன்னால் அவர் தலையாட்டுவார். தண்ணீர் ஏறுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பாறை வெடிப்பில் அப்பனையோ அண்ணனையோ இழந்த குடும்பம் தங்கவயலில் லைனுக்கு லைன் உண்டு. உடல் கிடைக்காமல் போன கதைகள் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. அந்தப் பேச்சு வந்தால் அதிக நேரம் நீடிக்காது. இருவருமே வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

போகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து மயிலாடுதுறைக்கு இரவு ரயில் உண்டு. அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இந்தக் கரைக்குச் சொந்தம். தைக்கு மேல் பங்குனி வரை நல்ல காலம். ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் போகும்போதே இறங்கிவிடுவது உத்தமம். திரும்பும்போது கூட்டத்தில் பஸ் நிற்காது.

கோட்டை அருகே தங்க வசதி உண்டு. பழைய கலெக்டர் பங்களாவே ஓட்டலாகியிருக்கிறது, வாடகை அதிகம். சிக்கனம் பார்ப்பவர்கள் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ அறை எடுத்துக் கொள்ளலாம். குளிக்க இறங்குவது வேண்டாம். கல் கொட்டிய கரை. அலையின் இழுப்பும் கடுமை. கால் நனைத்தால் போதும். மீனவர் கரையில் வலை, படகு எதன்மேலும் உட்காரக் கூடாது. பெண்கள் மீன் கூறு போடும் இடத்தில் போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

காலை ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். தங்கவயலில் முதல் ஷிப்டு சங்கு ஊதிய காலத்தில் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் தானாகவே விழிப்பு வந்துவிடும். கிழக்கே வானம் முதலில் சாம்பல், பிறகு செம்பு. சுரங்கத்திலிருந்து கேஜில் மேலே வரும்போது முதலில் தலைக்கு மேலே ஒரு காசு அளவு வெளிச்சம் தெரியுமே, அதுபோலத்தான் கடலுக்கு மேலே சூரியன் முதலில் தெரிகிறது. பிறகு படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஏலம் நடக்கும். வஞ்சிரம் விலை கேட்டுத் திகைக்க வேண்டாம்; நெத்திலி எல்லோருக்கும் எட்டும்.

மத்தியானத்துக்குள் ஊரை ஒருமுறை சுற்றி முடித்துவிடலாம். சாயங்காலம் மறுபடி வாசலுக்கு வந்து நின்றால் நாகூர் பஸ் வரும். இரண்டு நாள் கழித்து இரவு ரயிலில் பெங்களூர். அங்கிருந்து காலையில் தங்கவயல் வண்டி. பங்காருப்பேட்டைக்கு முன்னால் எங்கேயாவது எதிரே மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயில் கடந்து போகும். வாசலில் தொங்குகிறவர்களில் நாலைந்து முகம் தெரிந்த முகமாகவே இருக்கும். கையில் உள்ள பையில் கடுதாசி மேல் கடுதாசி சுற்றிய நெத்திலிக் கருவாடு. எவ்வளவு சுற்றினாலும், எங்கே போய் வந்தார்கள் என்பது வீட்டுத் தெரு முனை திரும்புவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.